கம்மல் யார் பேரில் இருக்கிறது?

நான் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். கட்டிக்கொடுத்தது கேரளாவில், சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு ஊரில். வீட்டில் பேசுவது தமிழ், கடையில் பேசுவது தமிழ். ரேஷன் கார்டும் பால் சங்கத்து நோட்டீசும் மட்டும் மலையாளம். மழை குறைந்த கிழக்குப் பக்கம் என்பதால் இங்கே நிறையப் பேருக்கு வயலைவிட மாடுதான் சோறு போடுகிறது. காலையும் மாலையும் சங்கத்து வாசலில் கேனோடு நிற்கிற வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள்தான். உள்ளே இருக்கிற பதிவேட்டில் அந்தப் பெண்களில் எத்தனை பேருடைய பேர் இருக்கிறது என்று 2023 வரைக்கும் நான் யோசித்ததே இல்லை.

அந்த வருடம் ஆடியில் என் வீட்டுக்காரர் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். வயது 44. மகளுக்கு அப்போது 13, மகனுக்கு 9. துக்கத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு மாடுகளை வைத்து நடந்ததைத்தான் எழுதுகிறேன். தலைப்பில் இருக்கிற கம்மல், மாட்டின் காதில் மாட்டுகிற எண் வில்லை. எங்கள் பக்கம் அதை அப்படித்தான் சொல்வோம். முன்னாடியே யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பணமும் தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

அவர் போனபோது கட்டுத்தரையில் நான்கு உருப்படி இருந்தன. என் கல்யாணத்துக்கு அப்பா சீரோடு சேர்த்து ஒரு ஜெர்சி கலப்புக் கிடாரியை ஓட்டிவிட்டிருந்தார். அதன் மகள் கருப்பி. கருப்பியின் மகள் ஏழு மாதச் சினையோடு ஒரு கிடாரி. மற்ற இரண்டும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு. கேரளத்து மகளிர் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு, வழியாக என் பேரில் பேங்கில் கடன் எடுத்து பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கியவை. செவ்வாயும் வியாழனும் கூடுகிற அந்தச் சந்தைக்குப் பெண்கள் போவது அபூர்வம். துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற இடத்தில் நாம் போய் யார் விரலைப் பிடிப்பது? அதனால் கடன் பணத்தை எண்ணி அவர் கையில் கொடுத்தேன். அவர் போய் ஓட்டிவந்தார். ரசீது என்று எதுவும் இல்லை. தரகரிடம் கேட்டால் சிரித்திருப்பார்.

கருமாதி முடிந்த கையோடு கொழுந்தனார் வந்து உட்கார்ந்தார். "அண்ணி, நீங்க ஒத்தப் பொம்பளையா நாலு மாட்ட வெச்சுட்டு என்னங்க பண்ணுவீங்க? இதெல்லாம் எங்கப்பா காலத்துல இருந்து வந்த குடும்பச் சொத்துங்க. ரெண்ட வித்துப்போட்டு அம்மாவுக்கும் ஒரு பங்கு குடுத்துரலாம்" என்றார். அத்தை பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய் ராத்திரி தங்கிவிட்டு வந்து பார்த்தால், சினைக் கிடாரி கட்டியிருந்த முளைக்குச்சி மட்டும் இருக்கிறது. தரகருக்கு 42,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். ஏழு மாதச் சினை, நல்ல மடி இறக்கம். அன்றைய விலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு 65,000 போகும். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தக் கிடாரி பிறந்தபோது கால் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தவள் நான்.

புகார் கொடுக்கப் போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி, "மாடு யார் பேர்ல இருக்கு?" மாட்டுக்கு ஏதுங்க பட்டா என்றேன். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது. குடும்ப விவகாரம், உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து பீரோவில் இருந்த காகிதங்களை எல்லாம் தரையில் பரப்பினேன். பால் சங்க உறுப்பினர் அட்டை அவர் பேர். பால் பணம் விழுகிற பேங்க் கணக்கு அவர் பேர். இன்சூரன்ஸ் அவர் பேர். காதுவில்லை போட்ட சீட்டிலும் அவர் பேர். என் பேரில் இருந்தது ஒன்றே ஒன்று, குடும்பஸ்ரீ கடன். மாடு அவருக்கு, தவணை எனக்கு.

மாட்டுக்குப் பட்டா இல்லை என்றாலும், தகராறு என்று வந்தால் அதன் இடத்தில் வந்து நிற்பது இந்த நாலைந்து காகிதங்கள்தான். முதலில் காதுவில்லை, அதாவது கம்மல். 2019இல் கோமாரி, புருசெல்லோசிஸ் (கன்று வீச்சு நோய்) தடுப்புக்காக மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் ஊசி போடும்போதே மஞ்சள் வில்லை மாட்டி, அதில் உள்ள 12 இலக்க எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த எண்ணோடு மாட்டின் இனம், வயது, சினை, தடுப்பூசி, கூடவே உரிமையாளர் பேரும் போன் நம்பரும் பதிவாகும். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் தோட்டத்தில் இருந்தார். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். வந்தவர் "வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க" என்றார், சொன்னேன். அவ்வளவுதான், அரை நிமிடத்தில் நான்கு மாடும் அவருடையதாகிவிட்டன. அந்தப் பதிவு ஒன்றே சட்டப்படி உரிமை ஆகிவிடாது என்று வக்கீல் பிறகு சொன்னார். ஆனால் விவகாரம் என்று வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். அதனால் அடுத்த முறை ஊசிக்கு வரும்போது உங்கள் பேரையும் உங்கள் போன் நம்பரையும் சொல்லுங்கள். ஏற்கெனவே அவர் பேரில் இருந்தால் கால்நடை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து மாற்றலாம். அவர் உயிரோடு இருந்து கையெழுத்துப் போட்டால் சின்ன வேலை. இல்லாதபோது செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று என்னைக் கேளுங்கள்.

இன்சூரன்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. பாலிசி போடும்போது வில்லை தெரிகிற மாதிரி மாட்டோடு ஆளையும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். எங்கள் பாலிசிக் காகிதத்தில் பேர் அவருடையது, படத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். அன்றைக்கும் அவர் வீட்டில் இல்லை. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற அந்தப் படத்தைப் பார்த்து நானே வெட்கப்பட்டிருக்கிறேன். கடைசியில் எனக்குப் பெரிய சாட்சியாக நின்றதில் அதுவும் ஒன்று. மாடு பராமரிப்பில் இருந்தவர் யார் என்று காட்ட அந்த மாதிரித் தேதி போட்ட படம் உதவும். உங்கள் போனிலேயே கன்று போட்ட அன்றைக்கும், புது மாடு வந்த அன்றைக்கும் வில்லை எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள். காசா பணமா. இன்னொன்று, வில்லை விழுந்துவிட்டால் உடனே மாற்றி, புது எண்ணை இன்சூரன்ஸ்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள். காதில் வில்லை இல்லாத மாடு செத்தால் பணம் கிடைக்காது.

சங்கத்து விஷயம்தான் என்னை ரொம்ப அலைக்கழித்தது. அவர் கல்யாணத்துக்கு முன்பே உறுப்பினர் ஆனவர். அப்போது வாரிசு என்ற இடத்தில் அம்மா பேரை எழுதியிருக்கிறார், நியாயம்தான், அப்போது நான் யார். அப்புறம் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. நான் ஊற்றுகிற பால் அவர் பேரில் ஏறியது, பணம் செத்துப்போனவருடைய கணக்கில் விழுந்தது. அந்தக் கணக்கை பேங்கில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதில் 68,000 ரூபாய் இருந்தது. தீவனக் கடைக்காரருக்குப் பாக்கி, எனக்குத் தவணை, கையில் ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் ஊருக்குள் வருகிற தனியார் பால்காரருக்கு ஊற்றினேன். சங்கத்து விலையைவிட லிட்டருக்கு எட்டு ரூபாய் குறைவு. ஒரு நாளைக்குப் பதினெட்டு லிட்டர் என்றால் 144 ரூபாய் போச்சு, ஒவ்வொரு நாளும். பல வாரம் இப்படி ஓடியது. பிறகு சங்கத்தில் புது ஆளாக விண்ணப்பித்து, பங்குத்தொகை கட்டி, கமிட்டியில் பாஸாகி என் பேரில் உறுப்பினர் ஆனேன். கட்டிய பணம் சொற்பம். பத்து வருடமாகப் பால் ஊற்றிய எனக்கு ஊக்கத்தொகை, போனஸ், ஓட்டு எல்லாம் அன்றைக்குத்தான் தொடங்கியது. கேரளாவில் பால் ஊற்றுகிறவர்களுக்கென்று க்ஷேமநிதி இருக்கிறது, வயதான காலத்தில் பென்ஷன் வரும். அதுவும் யார் பேரில் பால் ஊற்றப்படுகிறதோ அவருக்குத்தான்.

இந்த நேரத்தில் அயல்கூட்டத்து அக்கா ஒருவர், தாலுகா சட்டச் சேவைக் குழு என்று ஒன்று கோர்ட்டிலேயே இருக்கிறது, பெண்களுக்கு வக்கீல் இலவசம் என்றார். நான் நம்பவில்லை. ஏழை என்று காட்ட வருமானச் சான்று வேண்டும் என்று நினைத்தேன். வேண்டாம். 1987ஆம் வருடத்துச் சட்டத்தில் பெண் என்றாலே போதும், வருமானம் பார்ப்பதில்லை. எனக்குக் கொடுத்த வக்கீல் ஒரு இளம்பெண், பாலக்காட்டுக்காரி. நான் தமிழில் சொல்ல, அவர் மலையாளத்தில் கேட்க, இரண்டு பேருக்கும் புரிந்தது.

கொழுந்தனாருக்கு அந்த மாடுகளில் எந்தப் பங்கும் கிடையாது என்று அவர்தான் முதலில் சொன்னார். 1956ஆம் வருடத்து இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்து முதலில் போவது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவருடைய அம்மாவுக்கும்தான், ஆளுக்கு ஒரு சமபங்கு. இவர்களில் ஒருவர் இருக்கும்வரை அண்ணன் தம்பிக்கு ஒன்றுமில்லை. குடும்பச் சொத்து என்ற பேச்சும் இங்கே நிற்காது என்று அப்போது சொன்னார். கேரளாவில் 1975இல் சட்டம் போட்டு, 1976 டிசம்பர் முதல் இந்துக் கூட்டுக்குடும்பம் என்பதையே எடுத்துவிட்டார்கள். 2025இல் கேரள ஹைகோர்ட் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் இனிச் செல்லாது என்று சொல்லியிருக்கிறது, அதனால் இப்போது வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே அந்தச் சட்டம் இல்லை.

ஆனால் அத்தைக்குப் பங்கு உண்டு. இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அதுவரை அத்தையையும் கொழுந்தனாரையும் ஒரே கட்சியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக யோசித்தால், அந்த அம்மாள் நாற்பது வருடம் இந்தக் கட்டுத்தரையில் சாணி அள்ளியவர். அவர் பேரில் ஒரு ஆட்டுக்குட்டிகூட இருந்ததில்லை. மாமனார் பேர், அப்புறம் மகன் பேர். எங்கள் வீடுகளில் எல்லாம் இப்படித்தான். கோழியும் ஆடும் பொம்பளைக்கு. முட்டை விற்ற காசை யாரும் கேட்கமாட்டார்கள். பசு வந்து, அதுவும் பேங்கில் பணம் விழுகிற அளவுக்குக் கறக்க ஆரம்பித்ததும் அது ஆம்பளை விஷயம் ஆகிவிடும். வேலை மட்டும் இடம் மாறாது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான், கால்நடையை முக்கியமாகப் பார்த்துக்கொள்வது ஆணா பெண்ணா என்றே கேட்க ஆரம்பித்தார்கள். அதுவரை மாட்டை எண்ணினார்கள், தண்ணி காட்டுகிறவளை எண்ணவில்லை.

அடுத்து, எந்த மாடு யாருடையது என்ற பிரிவினை. அவர் சொத்து என்றால்தானே பங்கு? கருப்பி என் அப்பா கொடுத்த மாட்டின் மகள். சீராக வந்தது பெண்ணுக்கே சொந்தம் என்று சுப்ரீம் கோர்ட் 1985இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நகை மட்டும்தான் சீர்தனம் என்று நாம் நினைக்கிறோம். மாடும்தான், பாத்திரமும்தான். சரி, அப்பா கொடுத்த மாடு செத்துப்போய்விட்டதே, இது அதன் வாரிசுதானே என்றேன். வக்கீல் சிரித்துக்கொண்டே ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. ஒருவர் தன் பசுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இன்னொருவரிடம் விடுகிறார், அது கன்று போடுகிறது, பசுவோடு கன்றையும் சேர்த்துத் திருப்பித் தரவேண்டும். தாய் யாருக்கோ அவருக்கே கன்றும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டப் புத்தகத்தில் கருப்பியின் கதை இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கு ஒரே ஆச்சரியம். ஆகவே விற்றுப்போன கிடாரியும் என்னுடையதுதான். உரிமை இல்லாதவர் விற்றால் வாங்கியவருக்கும் உரிமை வராது என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது சந்தை சந்தையாக எங்கே போனதோ, யார் தேடுவது?

சீர்மாட்டுக்குச் சாட்சி? கல்யாண ஆல்பம். கொம்புக்கு மஞ்சள் பூசி மாலை போட்டு அந்தக் கிடாரியைப் பந்தலில் நிறுத்தி எடுத்த படம் இருந்தது. பக்கத்தில் அப்பா. எச்.எஃப். இரண்டுக்கும் அயல்கூட்டத்து மினிட்ஸ் புத்தகம். இன்ன தேதியில் இன்னாருக்கு மாடு வாங்கக் கடன் என்று தீர்மானம் எழுதியிருந்தார்கள். தவணை கட்டிய பாஸ்புக் முழுக்க என் கையெழுத்து. அயல்கூட்டத்தில் கடன் எடுத்தால், எதற்கு என்பதை "கால்நடை" என்று பொதுவாக விடாமல் "இரண்டு கறவை மாடு" என்று எழுதச் சொல்லுங்கள். மாடு வாங்கிய பணத்தை முடிந்தவரை உங்கள் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். ரொக்கமாகத்தான் கேட்பார்கள் என்றால், வெள்ளைத் தாளில் அடையாளம், ஈத்து, விலை, தேதி எழுதி விற்றவர் கையெழுத்து வாங்குங்கள். தரகர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

வாரிசுச் சான்று தனிப் பாடு. வில்லேஜ் ஆபீசில் விசாரித்து, தாசில்தார் கெஜட்டில் போட்டு, ஆட்சேபணைக்கு 30 நாள் விடுவார்கள். அதனால் துக்க வீடு என்று பார்க்காமல் இறப்புச் சான்று கைக்கு வந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள். என் மாதிரி மலையாளம் எழுத வராதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் அரசு ஆபீசுகளுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம், பதிலும் தமிழில் கேட்கலாம், 1969ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு கவுன்டரில் வாங்க மறுத்தபோது இதைச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். எது எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கொழுந்தனார் ஒரு மலையாளத் தாளை நீட்டியபோது மகளைப் படிக்கச் சொன்னேன். எனக்கு மாடுகளில் உரிமை இல்லை என்று நானே எழுதிக் கொடுப்பதாக இருந்தது.

கடைசியில் வழக்குப் போடாமல் அதாலத்தில், அதாவது சமரசம் பேசுகிற மக்கள் நீதிமன்றத்தில், வைத்துப் பேசினார்கள். அங்கே ஒப்புக்கொண்டு எழுதினால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. அதனால் எழுதும் முன் ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று மாடும் எனக்கு. பேங்கில் இருந்த 68,000 நான்கு பங்கு, அத்தைக்கு 17,000, எனக்கு 17,000, பிள்ளைகள் இருவருக்கும் அதேபோல. கிடாரி விற்ற 42,000இல் பாதியாவது திருப்பித் தருவதாகக் கொழுந்தனார் ஒத்துக்கொண்டார். அதில் 10,000 வந்திருக்கிறது, மீதிக்கு ஒவ்வொரு பண்டிகையும் தவணை சொல்கிறார். அத்தை தன் பங்கை வாங்கும்போது, "எம்பேருக்குப் பணம் வருதா அம்முணி?" என்று கேட்டு ரேகை வைத்தார். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். கொழுந்தனாரிடம் அவர் அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கணக்குப் பார்த்தால் 65,000 போகிற கிடாரிக்குக் கைக்கு வந்தது 10,000தான், அதில் மட்டும் 55,000 போனது. தனியாருக்கு ஊற்றிய நஷ்டம், தவணை பிந்தியதற்கு வட்டி, பஸ், ஜெராக்ஸ் எல்லாம் வேறு. ஒரு மாடு பருவம் தவறிப்போனது, அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. அந்த ஈத்து தள்ளிப்போன நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

இதையெல்லாம் அயல்கூட்டத்தில் சொன்னபோது பலரும் கேட்டது, வீட்டுக்காரரிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்றுதான். "நான் செத்துப்போவேன்னு பாக்கறயா?" என்று கேட்டுவிடுவார்களாம். கேட்பார்கள்தான். அதனால் சாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். குடும்பஸ்ரீ கடன் பெண்கள் பேரில்தானே வருகிறது, அப்புறம் மாடு வேறு பேரில் இருந்தால் பேங்கில் கேள்வி வரும் என்று சொல்லுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி இன்னும் கெட்டிக்காரி. ஊசி போட வந்தவரிடம் தன் பேரைச் சொல்லிவிட்டு, ராத்திரி சோறு போடும்போது, நீங்கள் வீட்டில் இல்லை, அவர்தான் என் பேரை எழுதிக்கொண்டு போய்விட்டார் என்று சொல்லிவிட்டாள். அவர் சரி போகட்டும் என்று சாப்பிட்டு எழுந்துவிட்டாராம்.